ஊரே போதையில், ஒரே ஒருவர் மட்டும் தெளிவாக

'கிராபர்ஸ்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "குடிச்சா தப்பிக்கலாம், அந்தப் படம்தானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2012இல் வந்த அயர்லாந்துத் திகில் நகைச்சுவைப் படம். ரத்தம் குடிக்கும் ஜந்துகளிடமிருந்து ஒரு தீவு எப்படித் தப்பிக்கிறது என்பதுதான் கதை. ஜான் ரைட் இயக்கியது, கெவின் லெஹேன் எழுதியது. அந்த ஒரு வரியை வைத்தே குடிகாரக் கூத்து என்று பலர் ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. குடியைக் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்கள் எனக்குக் கொஞ்சமும் ஆகாது. இந்தப் படத்துக்காக நான் வாதாடுவதற்குக் காரணம் இருக்கிறது. கதையை முழுதாகச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அயர்லாந்துக் கடலோரத்தில் எரின் என்று ஒரு கற்பனைத் தீவு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊர். அங்கே ஓஷே என்கிற போலீஸ்காரர் எந்நேரமும் குடியில்தான் இருக்கிறார். டப்ளினிலிருந்து தற்காலிகப் பணிக்கு வரும் நோலன் கண்டிப்பான பெண், மதுவைத் தொடாதவர். கரையில் திமிங்கிலங்கள் குதறப்பட்டுக் கிடக்கின்றன. பாடி என்கிற கிழட்டு மீனவர் வைத்த கூட்டில் சிங்கி இறாலுக்குப் பதிலாக நீளமான கைகளோடு ஏதோ ஒன்று சிக்குகிறது. அவர் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து குளியல் தொட்டியில் போட்டு வைக்கிறார்! எனக்குப் படத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடலிலிருந்து புதுசாக ஒன்று கிடைத்தால் மீனவர் அதைத் திருப்பி விடுவாரா என்ன? அந்த ஊர்க்காரரின் இயல்பிலிருந்தே ஆபத்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது, சிரிப்பும் அங்கிருந்தே வருகிறது.

அது அவர் மேல் பாய்கிறது, ஆனால் ரத்தத்தை உறிஞ்ச முடியவில்லை. அவர் உடம்பில் ஓடுவது பாதி சாராயம். ஆல்கஹால் கலந்த ரத்தம் அந்த ஜந்துகளுக்கு விஷம் என்று அப்புறம்தான் புரிகிறது. அவற்றுக்கு ரத்தத்தோடு தண்ணீரும் வேண்டும். வெயில் அடித்தால் கடலோரத்தோடு சரி. ஆனால் புயல் வருகிறது. மழை பெய்யப் பெய்ய தீவு முழுக்க அவை நடமாடலாம், அதே புயலால் வெளியிலிருந்து உதவியும் வராது. திகில் படத்துக்கு இதைவிடக் கச்சிதமான முடிச்சு கிடையாது. எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, ஊரை எப்படிக் காப்பாற்றுவது? எல்லோரையும் பப்புக்கு அழைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். பீதி கிளம்பிவிடக் கூடாது என்று காரணத்தை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். உள்ளே பாட்டும் கூத்தும், வெளியே மழை. எதற்காக இந்தக் கொண்டாட்டம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த முகங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வயிற்றில் கலக்கமும் சேர்ந்தே வந்தன.

மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதற்கடுத்த பகுதியைத்தான். குடித்துத் தீர்த்த ஊரில் யாராவது ஒருவர் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பை ஓஷே ஏற்கிறார். ரத்தம் சுத்தமாக இருப்பதால் இப்போது தீவிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான். குடிக்காத நோலன் குடித்துத் தள்ளாடுகிறார். நோலனாக வரும் ரூத் பிராட்லி அந்தத் தள்ளாட்டத்தை நடித்திருக்கும் விதம் அபாரம். கண் சொருகலை வைத்து ஒப்பேற்றவில்லை. கண்டிப்பான ஒருத்தி தன் கண்டிப்பை விட்டுக்கொடுக்காமலே தடுமாறுவது போல இருக்கும். இந்தப் படத்துக்காக அவருக்கு ஐரிஷ் திரைப்பட விருது கிடைத்தது, முழுக்கத் தகும்.

குடி காப்பாற்றுகிறது என்றும் படம் எங்கேயும் சொல்லவில்லை. விஞ்ஞானி ஸ்மித் போதைத் தைரியத்தில் பெரிய ஜந்துவைப் புகைப்படம் எடுக்கப் போகிறார். ரத்தத்தைக் குடிக்காது, சரி. தூக்கி வீசாது என்று யார் சொன்னது? போதை வாங்கித் தருவது கொஞ்ச நேரம்தான். வேலையை முடிக்கத் தெளிந்த தலை ஒன்று வேண்டியிருக்கிறது. கடைசியில் ஓஷே தன் சாராயக் குடுவையைத் தூக்கி எறிகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வைக்காமல் விட்டதற்காகவே எனக்கு இயக்குநரைப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ஊர்மக்களில் பாதிப் பேர் பப்பில் கூட்டத்துக்கு நிற்பதோடு சரி, அவர்களுக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம். மற்றபடி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படம்தான். இன்னும் பார்க்காமல் இருப்பவர்கள் மழை பெய்யும் ஒரு ராத்திரியாகப் பார்த்து உட்காருங்கள், நாலு பேரோடு சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.