எச்பிஎல்சி வாங்கப் போகும் வேதியியல் துறைகளுக்கு

கல்லூரி அறிவியல் துறைகளுக்கு மத்திய அரசு உதவும் ஸ்டார் காலேஜ் மாதிரி ஒரு திட்டத்தில், கலவையைப் பிரித்து அதில் எது எவ்வளவு என்று அளக்கும் எச்பிஎல்சி கருவிக்குப் பணம் வந்தால் துறைக் கூட்டத்தில் முதலில் கிளம்புவது "எந்தக் கம்பெனி, எந்த மாடல்" என்ற பேச்சு. அதற்கு முன்னால் வேறொன்று கேளுங்கள்: பிஎஸ்சி மாணவி ஒருத்தி தன் கையால் எத்தனை முறை கருவிக்குள் சாம்பிளை இன்ஜெக்ட் செய்வாள்?

சி18 காலம் (column) என்று நாம் சொல்லும், கலவையைப் பிரிக்கும் 250 × 4.6 மி.மீ. குழாயில் கரைப்பான் நிற்கும் இடம் சுமார் 2.5 மி.லி. சமநிலைக்கு வர அதைப் போல் பத்து மடங்கு ஓடவேண்டும். நிமிடத்துக்கு 1 மி.லி. என்றால் 25 நிமிடம். தேநீரில் காஃபீன் அளக்க ஒரு குழுவுக்கு நாலு ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்), ஒரு சாம்பிள், தலா எட்டு நிமிடம். முடிவில் கழுவ அரை மணி. மூன்று மணி நேர பிராக்டிகலில் மூன்று குழுவுக்கு மேல் நடக்காது. குழுவுக்கு நாலு பேர் வைத்தாலும் 12 பேர். நாற்பது பேர் வகுப்பில் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், முதலில், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி-விசிபிள் கருவி நாலைந்து வாங்குங்கள். அதே காஃபீனை டைகுளோரோமீத்தேனில் பிரித்தெடுத்து 273 நானோமீட்டர் அருகே எல்லோரும் அளக்கலாம். எச்பிஎல்சி அதற்குப் பிறகு.

வாங்கும்போது சாம்பிளைத் தானே செலுத்தும் ஆட்டோசாம்ப்ளர் வேண்டாம். 20 மைக்ரோலிட்டர் லூப் (சாம்பிளை அளந்து பிடிக்கும் சிறு குழாய்) உள்ள கை இன்ஜெக்டர் போதும். லூப்பை நிரப்ப 60 முதல் 100 மைக்ரோலிட்டர் வரை தள்ளவேண்டும் என்பது கையால் செய்தால்தான் மனதில் நிற்கும். ஊசி மட்டும் தட்டை முனையாக இருக்கட்டும். ஜிசி (வாயு குரோமட்டோகிராபி) சிரிஞ்சின் கூர்முனை இன்ஜெக்டருக்குள் சுழலும் ரோட்டர் சீலைக் கீறிவிடும், பிறகு ஒழுகும்.

பம்ப் கெடுவது பெரும்பாலும் பாஸ்பேட் பஃபரால், அதாவது பிஎச் மாறாமல் வைக்கக் கரைப்பானில் சேர்க்கும் உப்புக் கரைசலால். இரவு அப்படியே விட்டால் உப்பு படிந்து பம்ப் சீலையும் பிஸ்டனையும் அரிக்கும், காலையில் பிரஷர் ஆடும். பஃபர் மேலேயே நேராக அசிட்டோநைட்ரைல் விட்டாலும் உப்பு இறங்கி அடைத்துக்கொள்ளும். முதலில் 10 விழுக்காடு மெத்தனால் கலந்த தண்ணீர் அரை மணி, பிறகுதான் மெத்தனால்.

டெண்டரில் கருவியை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டாவது காலம் (column), அதற்கு முன்னால் மாட்டி அழுக்கைத் தடுக்கும் கார்டு காலம், உதிரி சீல்கள், டிடெக்டருக்கான டியூட்டீரியம் விளக்கு, 0.45 மைக்ரான் வடிகட்டும் செட், கரைப்பானில் கரைந்த காற்றை நீக்கும் சோனிகேட்டர், ஆன்லைன் யுபிஎஸ் எல்லாமே அதே பட்டியலில் வரட்டும். சாஃப்ட்வேர் உரிமம் குறைந்தது ஐந்து கணினிக்காவது கேளுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற குழுக்கள் பழைய டேட்டாவில் பீக் ஏரியா (பொருளின் அளவைக் காட்டும் வரைபட மேட்டின் பரப்பு) கணக்கிடலாம். வாரண்டி முடிந்த பின் ஐந்து வருடப் பராமரிப்புக் கட்டணத்தை விலைப்புள்ளியிலேயே சொல்ல வைத்து, அதையும் கூட்டித்தான் குறைந்த விலையை முடிவு செய்யவேண்டும். பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. ஆய்வுக் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு சலுகை ஜிஎஸ்டி 2022 ஜூலை 18-இல் போய்விட்டது, இப்போது 18. பழைய எஸ்டிமேட்டை அப்படியே எடுத்து வைத்தால் பணம் பற்றாது.

உதிரி ரோட்டர் சீல் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மூன்றாம் ஆண்டு மாணவர்களே கழற்றி மாட்டிப் பழகட்டும்.