திருத்திய பிழை மறுபடியும் அச்சில்

மூன்றாவது புரூஃபில் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியில்) நான் திருத்திக் கொடுத்த பிழைகள் அச்சான புத்தகத்தில் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு அத்தியாயம் முழுக்க. பதிப்பகத்தில் கேட்டால், "பழைய ஃபைல் போயிடுச்சு சார்" என்று ஒரே வரியில் பதில். எந்த ஃபைல், யார் அனுப்பியது, புதியதன் மேல் பழையது எப்போது ஏறியது? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிழை நேரும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாதபடி ஒரு தொழிலை நடத்துவதை எப்படி ஏற்பது?

ஒரு புத்தகம் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். ஆசிரியர் வேர்டில் எழுதி அனுப்புகிறார். நான் டிராக் சேஞ்சஸ் (மாற்றங்களைத் தனியாகக் காட்டும் வசதி) போட்டுத் திருத்துகிறேன். அவர் அதைப் போனில் திறந்து, எல்லாத் திருத்தத்தையும் ஒரே தட்டில் ஒப்புக்கொண்டு, கூடவே இரண்டு பத்தி புதிதாகச் சேர்த்து, வாட்ஸப்பில் லேஅவுட் (பக்க வடிவமைப்பு) செய்பவருக்கு நேராக அனுப்பிவிடுகிறார். அங்கே முந்தைய ஃபைலில் பாதி வேலை முடிந்திருக்கும். அப்புறம் அச்செடுத்த தாளில் பேனாத் திருத்தம், அதைப் படம் பிடித்து இன்னொரு வாட்ஸப். அந்தத் திருத்தங்கள் லேஅவுட் ஃபைலில் மட்டும் ஏறும். வேர்ட் ஃபைலை அதன்பின் யாரும் தொடுவதில்லை. அந்த நிமிடத்திலிருந்து ஒரு புத்தகம் இரண்டு புத்தகமாகிவிடுகிறது. நாளைக்கு மின்னூல் போட வேண்டுமென்றால் கைக்கு எளிதாகக் கிடைப்பது வேர்ட் ஃபைல்தான். பேனாவால் போட்ட அத்தனை திருத்தமும் போச்சு.

லேஅவுட் பழைய பேஜ்மேக்கரில் இருந்தால் இன்னும் மோசம். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்னும் அதை விடாத இடங்கள் இருக்கின்றன. அதில் இருப்பது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துரு. அதிலிருந்து மாற்றி எடுக்கும்போது புதிதாக முளைக்கும் பிழைகளுக்கு இன்னொரு புரூஃப். அதற்குக் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

இந்தச் சிக்கலை மென்பொருள் எழுதுபவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஒரு ஃபைலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் எஸ்சிசிஎஸ் என்ற கருவி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972இலேயே உருவானது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட் (Git) என்ற அதே வகைக் கருவியை எழுதினார். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஒரே வரியை இரண்டு பேர் வேறு வேறு மாதிரி மாற்றியிருந்தால், இணைக்கும்போது அது நின்று கேட்கும்: எது வேண்டும்? இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என் அத்தியாயம் பிழைத்திருக்கும். நம் மொழிக்கு இது ஆகாது என்று சொல்லாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றையும் திறந்து பார்க்கலாம். ஒரு கால்புள்ளியை யார் எடுத்தார் என்பதுகூட அங்கே இருக்கிறது.

ஆனால் கருவி செய்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வேர்ட் ஃபைலை கிட்டில் போட்டால் 'பைனரி ஃபைல்கள் (வெறும் உரையாக இல்லாதவை) வேறுபடுகின்றன' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. சரி, வெறும் உரையாக வைக்கலாம் என்றால் அது வரிக்கணக்கில் ஒப்பிடுகிறது. நமக்கு ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. ஒற்றை ஒற்றெழுத்தைச் சேர்த்தால் பத்தியே மாறிவிட்டதாகக் காட்டும். சொல்வாரியாகக் காட்டச் சொல்லும் வசதி உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் \340\256 என்று எண்களாகக் கொட்டும், ஓர் அமைப்பை மாற்றும்வரை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கிட்டுக்கு வேறு வேறு. எதுவுமே மாறாத பக்கத்தில் திருத்தம் திருத்தமாகக் காட்டினால் யார் அதை நம்புவார்கள்?

இத்தனையும் சரிசெய்யக்கூடியவைதான். சரிசெய்து தருகிறேன் என்று பதிப்பகத்தாரிடம் சொல்லியும் பார்த்தேன். "எழுத்தாளருக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார்கள். எழுத்தாளர் கட்டளை எதையும் கற்க வேண்டாமே! பதிப்பகம் ஒரே ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொண்டு, எந்தத் திருத்தமும் முதலில் அங்கே ஏறிய பிறகுதான் லேஅவுட்டுக்குப் போகும் என்று விதி வைத்தால் போதும். கிட் பயமாக இருந்தால் கூகுள் டாக்ஸில் ஒவ்வொரு புரூஃபுக்கும் ஒரு பெயர் கொடுத்துப் பதிப்பு வரலாற்றில் வையுங்கள். அதுகூடச் செய்யாதபோதுதான் வயிறு எரிகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, கண் வலிக்க ஒற்றும் சந்தியும் பார்த்துத் தரும் ஆளின் உழைப்பு அது.

ஜனவரி புத்தகக் காட்சிக்காக டிசம்பரில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். இந்த முறை யார் பிரதி அனுப்பினாலும் என் முதல் கேள்வி, மூலப் பிரதி எது, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான். பதில் வராமல் ஒரு பக்கமும் பார்க்க மாட்டேன்.