ஏஎம்4 என்பதால் மட்டும் 5600 ஓடாது
தம்பி, "ஏஎம்4 சாக்கெட் என்றால் பழைய ஏ320 மதர்போர்டே போதும், ரைசன் 5 5600ஐப் பொருத்தியவுடன் ஓடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஎம்4 என்பது மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் செயலி உட்காரும் இடம். நீங்கள் சொன்னது பாதிதான் சரி. செயலிச் சிப் உட்காரும், ஆனால் போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அதை அடையாளம் காண வேண்டுமே! ஏ320 வந்தது 2017இல், 5600 வந்தது 2022இல். பயாஸ் பழையதாக இருந்தால் மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். கல்முனையில் என் மருமகன் இப்படித்தான் இரண்டு நாள் ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். பழைய ரைசன் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் கணினிக்கு உயிர் வந்தது.

ஏஎம்4 சாக்கெட் உள்ள இன்னொரு வகையான பி450 போர்டுக்கும் இதே கதைதான். போர்டுத் தயாரிப்பாளரின் பட்டியலில் 5600க்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று பாருங்கள். கடையிலேயே புதுப்பித்து, திரையில் காட்டச் சொல்லி வாங்குங்கள். சிப் இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

சிப்பின் பக்கத்தில் மின்சாரத்தைச் சீர்செய்யும் பகுதிக்கு வெப்பத் தகடு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 65 வாட் 5600க்கு அது கட்டாயமில்லை. பிறகு எட்டு கோர் சிப்புக்கு மாறும் எண்ணம் இருந்தால், மட்டக்களப்புச் சித்திரை வெயிலில் தகடில்லாத போர்டை நான் வாங்கமாட்டேன்.