கறுப்பு நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள்

"நகம் செத்த பொருள்தானே, ஒட்ட வெட்டினாலும் நாய்க்கு வலிக்காது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தப்பு அண்ணே. நாய் நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதில் வெட்டுப்பட்டால் ரத்தம் கொட்டும். அப்புறம் நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

வெள்ளை நகத்தில் அந்தப் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பில் தெரியாது. சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் நாய் மணிக்குப் பதினெட்டு நகமும் கறுப்புதான். மொட்டைமாடி வெயிலில் உட்காரவைத்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச் சீவி வெட்டிய முகத்தைப் பார்ப்பேன். முதலில் சுண்ணாம்பு மாதிரி வறண்டிருக்கும். நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும், உள்சதை நெருங்கிவிட்டது என்று நிறுத்திவிடுவேன். ரொம்ப வளர்ந்த நகமென்றால் உள்ளே சதையும் நீண்டிருக்கும். வாரம் கொஞ்சமாக வெட்டினால்தான் அது பின்வாங்கும்.

தெருவில் நடந்தாலே தேய்ந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். முன்காலில் உள்பக்கம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் படாது, வளைந்து சதையில் குத்தும்.

தவறிப்போய் ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லையா, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.