ஆட்டைக் கொல்லாத துப்பாக்கி

ரே கன், அதாவது கதிர்த்துப்பாக்கி, என்று தேடினால் இப்போதெல்லாம் துப்பாக்கி வருவதில்லை. பச்சை உடையில் கங்காரு மாதிரி துள்ளும் ஆஸ்திரேலியப் பெண்தான் வருகிறார். ரேச்சல் கன், மேடைப் பெயர் ரேகன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) போட்டியில் ஆடி ஊர் சிரிப்புக்கு ஆளானவர். என்னைப் போன்ற அறிவியல் புனைகதைப் பிரியர்களுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அவரைத் திட்டும் கூட்டத்தில் நான் இல்லை.

கதிர்த்துப்பாக்கியின் கதையைக் கேளுங்கள். 1898-இல் எச்.ஜி. வெல்ஸின் நாவலில் செவ்வாய்வாசிகள் வெப்பக் கதிரால் லண்டன் பக்கத்து ஊர்களை எரித்தார்கள். 1934-இல் அமெரிக்கப் பிள்ளைகள் கையில் விண்வெளிக் கதை நாயகன் பக் ராஜர்ஸின் பொம்மைத் துப்பாக்கி. இந்த இடைவெளியில் சில பெரியவர்களும் அதை நிஜமென்று நம்பினார்கள். 1924-இல் கிரிண்டெல் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர் தன்னிடம் மரணக் கதிர் இருப்பதாகச் சொல்லிப் பத்திரிகைகளைக் கலக்கினார். எப்படி வேலை செய்கிறது என்று அரசு கேட்டபோது நழுவிவிட்டார். பிரிட்டிஷ் விமானத்துறை விடவில்லை. நூறு கஜத்தில் நிற்கும் ஓர் ஆட்டைக் கதிரால் யார் கொன்றாலும் ஆயிரம் பவுண்டு என்றது. ஆடு பிழைத்தது.

1935-இல் அர்னால்ட் வில்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியிடம் ஒரு கணக்கு வந்தது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எட்டு பைண்ட் (சுமார் நாலரை லிட்டர்) தண்ணீரை ரேடியோ அலையால் 98-லிருந்து 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்க எவ்வளவு சக்தி வேண்டும்? தண்ணீர் என்று சொல்லி மனுஷ உடம்பின் ரத்தத்தைத்தான், அதாவது மரணக் கதிரைத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நடக்காது என்று நேர்மையாக எழுதிக் கொடுத்தார். கூடவே, விமானம் பறந்தால் ரேடியோ அலை கலைகிறதே, அதை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்கலாமே என்றார். பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரியில் சோதித்தார்கள். பிரிட்டனின் ரேடார் பிறந்தது.

மாத்யூஸும் தோற்றார், வில்கின்ஸின் கதிரும் தோற்றது. இரண்டும் ஒன்றா? நழுவியவர் தோல்வி வேறு, நேர்மையாக முயன்றவர் தோல்வி வேறு. ரேச்சல் கன்னின் தோல்வி இரண்டாவது வகை.

அவருக்கு மூன்று மோதல்களில் நடுவர்களின் 54 வாக்கில் ஒன்றுகூட விழவில்லை. ஆட்டம் சுமார்தான், அதைச் சொல்ல நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் 2023-இல் சிட்னியில் நடந்த ஓசியானியா போட்டியில் ஜெயித்துத்தான் பாரிஸ் போனார். தேர்வையே வளைத்தார் என்று ஆன்லைன் மனு போட்டார்கள்; ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழு அதைப் பொய் என்று மறுத்தது. கேலி செய்தவர்கள் அவருடைய முனைவர் பட்டத்தையும் விடவில்லை. சிட்னி பிரேக்கிங்கைப் பற்றி ஆய்வு செய்தவர் ஆடினால் அது குற்றமா?

பின்னால் அவரை வைத்து ஒருவர் நகைச்சுவை இசை நாடகம் போடப் போனபோது வக்கீல் வைத்து நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கட்டும் என்று விட்டிருக்கலாம்.

2028 லாஸ் ஏஞ்சலிஸில் பிரேக்கிங் இல்லாததற்கும் இவர் தலையைத்தான் உருட்டுகிறார்கள். அந்த ஒலிம்பிக்கின் விளையாட்டுப் பட்டியல் 2023-லேயே முடிவாகிவிட்டது. பாரிஸ் தரையில் இவர் உருள்வதற்குப் பல மாதங்கள் முன்பே.