ஓரத்தை வெட்ட வேண்டாம் என்றார்

போன வாரம் யாழ்ப்பாணம் போய்வந்த நண்பர் ஒருவர், பொது நூலகத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. கீழே ஒரு வரி: 'எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.' லைக் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஒரு கூத்து நோட்டு என்னை நகரவிடவில்லை.

மண்ணடியில் எனக்குச் சின்னதாக ஒரு பைண்டிங் கடை. கணக்கு லெட்ஜர், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், எப்போதாவது ஒரு பழைய புத்தகம். புழல் காவாங்கரையில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு ஐயா வந்தார். 1990இல் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து கிளம்பி, படகேறி இந்தப் பக்கம் வந்தவர். பாலித்தீன் பையைப் பிரித்து, இன்னொரு பையைப் பிரித்து, ஒரு நோட்டை எடுத்தார். அவருடைய அப்பா அண்ணாவியார், நாட்டுக்கூத்து பழக்கியவர். அவர் கைப்பட எழுதிய கூத்துப் பாட்டுகள் அதில் இருந்தன. உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறி, தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

'பயப்படாதீங்க ஐயா, புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்' என்றேன். தைத்து, பசை போட்டு, மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து நறுக்கினால் பளிச்சென்று இருக்கும். தொழில் பழக்கம்.

அவர் பதறிவிட்டார். 'ஐயோ, ஓரத்தை வெட்டிப் போடாதேங்கோ தம்பி. தாளக்கட்டு எல்லாம் அங்கதான் கிடக்கு.'

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் அழுக்கென்று நினைத்த இடத்தில் பென்சிலால் பொடிப்பொடியாகச் சொற்கட்டுகள். எந்த அடியில் ஆட்டம் திரும்ப வேண்டும், எங்கே மத்தளம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அரை அங்குலத்தில்தான் இருந்தது.

சரி, நூலகத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் நம்ம மெட்ராஸ்காரர், வி.எம். நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1959இல் திறந்தார்கள். 1981 மே கடைசியில் தொடங்கிய வன்முறையில் போலீஸ்காரர்களும் கூட வந்த கும்பலும் சேர்ந்து கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளோடு. தொண்ணூறுகளின் கடைசியில் அரசாங்கமே திருப்பிக் கட்டத் தொடங்கியது, மக்களிடம் செங்கல்லும் புத்தகமும் கேட்டது. எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட்டுவிடுங்கள் என்று சொன்னவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். வெள்ளையடித்தாயிற்று. 2003 பிப்ரவரியில் திறக்க நாள் குறித்து, எதிர்ப்பு கிளம்பி நின்றுபோனது. போர் முடிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நாடாளுமன்றத்தில் ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்கவே 2016 ஆயிற்று. கொளுத்தியவர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

கட்டியது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. இன்றைக்கு அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் வீடு எரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு 'ஆறிவிட்டதா?' என்று கேட்டால் என்ன சொல்வான்?

மாலி நாட்டில் திம்புக்துவில் வேறு மாதிரி நடந்தது. 2012இல் ஆயுதக் குழுக்கள் அங்கிருந்த ஞானிகளின் அடக்கத்தலங்களை இடித்தன. பரம்பரையாக மண் பூசுகிற உள்ளூர்க் கொத்தனார்களையே வைத்து, மிச்சமிருந்த சுவரை அளந்து, பெரியவர்களின் ஞாபகத்தைக் கேட்டு, 2015க்குள் எழுப்பினார்கள். யுனெஸ்கோ பக்கத்தில் நின்றது. இடித்தவர்களில் ஒருவர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது வருஷத் தண்டனை வாங்கினார். அங்கே சண்டை இன்னும் ஓயவில்லைதான். ஆனாலும் அந்த மண்சுவரை மழைக்குப் பின் மறுபடி பூச அந்த ஊர்க் கைகளே போதும், எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

போஸ்னியாவின் மோஸ்தார் பாலத்தைப் பலரும் உதாரணமாகச் சொல்வார்கள். 1993இல் போரில் பீரங்கியால் சுட்டுத் தகர்த்தது, 2004இல் அச்சு அசலாகத் திரும்பி வந்தது. அழகுதான். அதே ஊரில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் இரண்டு இனத்துப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். பாலத்தைக் கடக்கக் கால் மட்டும் போதாது போல.

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம். காவாங்கரையில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குக் கூத்தென்றால் மெரினாவில் எடுக்கிற ரீல்ஸ் என்றுதான் தெரியும் என்றார் ஐயா, சிரித்துக்கொண்டே. அகதி முகாம் என்ற பெயரை 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். மறுவாழ்வில் மத்தளத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மாலையில் ஒரு மணி நேரம், ஒரு பொதுக்கூடம், பழக்க ஒரு பெரியவர். கோடிக்கணக்கில் செலவில்லை.

நோட்டை வெட்டவில்லை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி, கையாலேயே தைத்து, நீலக் காலிகோ துணி போட்டேன். ஓரம் மேடும் பள்ளமுமாக, லட்சணமே இல்லாமல் இருந்தது. வாங்க வந்தவர் நடுப்பக்கத்தைப் பிரித்து ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் மெஷின் மேசையில் தாளம் தட்டி நாலு அடி பாடினார். பக்கத்துக் கடைப் பையன் டீயோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். டீ ஆறிப்போயிற்று.