பாரியில் நடப்பது கட்டப் பஞ்சாயத்து அன்று

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் ஒரு வழக்கு விசாரணை நடக்கும் படத்தைச் சனிக்கிழமை போட்டேன். அதன் கீழ் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள்; மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ஆப்பிரிக்கக் கட்டப் பஞ்சாயத்து" என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் மூவர் சட்டம் படித்தவர்கள் என்பதுதான் உறுத்துகிறது.

படத்தில் இருப்பது நீதிமன்றம். பக்கச் சுவரில்லாத அந்தத் தகரக் கூரை மண்டபத்தை அங்கே பாரி என்பார்கள். நடுவில் அமர்ந்திருப்பவர் ஊர்த்தலைவர் அல்லர், உள்ளூர் நீதிமன்றத்தின் தலைவர். 1991ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 170ஆம் பிரிவு வழக்காற்றுச் சட்டத்தை, அதாவது ஊர் வழக்கத்திலிருந்து வந்த சட்டத்தை, நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மன்றங்களை உள்ளாட்சி அமைச்சகத்திடமிருந்து எடுத்து நீதித்துறையின் கீழ் வைத்தது. மேல்முறையீடும் உண்டு. இதற்குப் பெயர் கட்டப் பஞ்சாயத்து என்றால், அந்த மூவரும் படித்த கல்லூரியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அந்நாட்டின் தெற்கிலுள்ள போ (Bo) என்ற நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அங்கே மூட்டை தூக்கிய பையன் ஒருவன், பழைய மோட்டார் சைக்கிள் விற்ற பாக்கிப் பணத்துக்காக முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போனான். வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதில் பாதி அவனுக்குப் புரியவில்லை. பிறகு ஊர்ப் பக்கத்துப் பாரிக்குப் போனபோது நானும் உடன் போனேன். எழுத்தர் நீளமான பேரேட்டில் பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். அந்தப் பகுதியின் மெண்டே மொழியில் கேள்விகள். நடுவில் அவன் தாய் எழுந்து பேசினாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் கடன்பட்டவனின் மாமன் அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். காலைப் பிடிக்கிறேன் என்பது அந்நாட்டின் பொதுப் பேச்சு மொழியான கிரியோவில் வெறும் பேச்சு வழக்கு அன்று, உண்மையிலேயே பிடிப்பார்கள். பணம் மூன்று தவணையில் வந்து சேர்ந்தது.

வழக்கறிஞர் இல்லாமல் என்ன நீதி என்கிறீர்கள். அந்நாட்டு வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் இருப்பது தலைநகர் ஃப்ரீடவுனில். அவ்வளவுதான் பதில்.

அந்தக் காலத்தில் ஊர்த்தலைவர்கள் கண்டபடி அபராதம் போட்டார்களே என்று இன்னொருவர் கேட்டார். போட்டார்கள், அந்தக் கோபமும் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு இளைஞர்களைத் தள்ளியது என்று அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே எழுதியிருக்கிறது. ஆனால் கடற்கரைக் காலனிக்கு ஆங்கிலச் சட்டம், 1896இல் பாதுகாப்புப் பகுதியாக்கிய உள்நாட்டுக்குத் தலைவரின் வழக்காறு என்று கூறுபோட்டது யார்? வீட்டு வரி வசூலையும் தலைவர்கள் தலையில் கட்டி, 1898இல் அந்தத் தலைவர்களில் ஒருவரான பாய் புரே தலைமையில் கலகம் வெடிக்கும்வரை விட்ட அதே பிரிட்டிஷ்காரர்கள்தான். இதற்கு ஏன் யாரும் சிரிப்பதில்லை?

பெண்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. 2007ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குப் பங்கு கொடுத்து, அவளை வீட்டை விட்டுத் துரத்துவதைக் குற்றமாக்கியது. அதற்குப் பின்னும், கணவன் இறந்த மூன்றாம் மாதம் பாத்திரங்களோடு வெளியே நின்ற ஒருத்தியை அதே பாரியின் வாசலில் பார்த்தேன். உள்ளே இருந்த ஆண்கள் குடும்பத்தோடு பேசித் தீர்த்துக்கொள் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெளிநாட்டான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மன்றத்தின் மீது எனக்கும் கோபம் உண்டு; ஆனால் அது பக்கத்தில் நின்று பார்த்தவனின் கோபம். உங்கள் சிரிப்போடு அதைச் சேர்க்காதீர்கள்.

படத்தை நீக்கிவிடலாமே என்று உள்பெட்டியில் அன்பாகச் சொன்ன நண்பருக்கு: நீக்க மாட்டேன். இடது ஓரத்தில் இடுப்பில் லாப்பா என்னும் நீலத் துணி உடுத்தி, கையை நீட்டிப் பேசிக்கொண்டிருப்பவள்தான் அந்தப் பையனின் தாய்.